துணி நீண்டால் போதாது, மீளவும் வேண்டும்: எலாஸ்டேன் நூல் தேர்விலிருந்து தையல் வரை

முட்டி தொங்கிப்போன ஜீன்ஸ், நாலாவது துவைப்பிலேயே கழுத்து அலையடிக்கும் டி-சட்டை, இடுப்பில் நிற்காத லெக்கிங்ஸ். இப்படி ஒன்று திரும்பி வந்தால் "லைக்ரா எத்தனை சதவீதம்?" என்பதுதான் எல்லோருடைய முதல் கேள்வி. அதற்கு வரும் பதிலை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. 4 சதவீதம் எலாஸ்டேன் (லைக்ரா என்று பேச்சில் சொல்லும் இழை) போட்ட ஒரு துணி வருஷக்கணக்கில் உருவம் மாறாமல் இருக்கும். அதே 4 சதவீதம் போட்ட இன்னொன்று ஒரு நாள் உடுத்தியதுமே தொய்ந்துவிடும். எலாஸ்டேனை எத்தனை மடங்கு இழுத்து உள்ளே விட்டார்கள், அது சுருங்கத் துணிக்குள் இடம் இருந்ததா, ஸ்டென்டரில் (துணியை அகலமாக விரித்துப் பிடித்துச் சூடாக்கும் மெஷினில்) எந்த அகலத்தில் எத்தனை டிகிரியில் செட் செய்தார்கள் ஆகிய மூன்றும் சேர்ந்துதான் மீட்சியைத் தீர்மானிக்கின்றன. நூல் கோனில் வரும்போது மீட்சி முழுசாகத்தான் இருக்கிறது. அதன்பின் ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கைநழுவுகிறது.

இழைக்குள் நடப்பது

எலாஸ்டேன், ஸ்பான்டெக்ஸ் இரண்டும் ஒன்றே: எடையில் குறைந்தது 85 சதவீதம் பாலியூரித்தேன் கொண்ட செயற்கை இழை. 1958-இல் டூபாண்ட் நிறுவனத்தின் வேதியியலாளர் ஜோசப் ஷிவர்ஸ் உருவாக்கியது. லைக்ரா என்பது வணிகப் பெயர். பேச்சில் எல்லாவற்றுக்கும் அதுவே பெயராகிவிட்டது.

இழையின் மூலக்கூறில் மென்மையான பகுதிகளும் கடினமான பகுதிகளும் மாறி மாறி வருகின்றன. மென்பகுதிகள் சுருண்டு கிடக்கும், இழுத்தால் நிமிரும். கடினப் பகுதிகள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று பூட்டிக்கொண்டு, நழுவாமல் பிடித்து, இழுவை விட்டதும் பழைய இடத்துக்குக் கொண்டுவரும். அறுவதற்கு முன் தன் நீளத்தைப்போல் 5 முதல் 8 மடங்கு வரை இழை நீளும். அந்தப் பூட்டைத் திறக்கக்கூடியது அதிக வெப்பம். திறந்து, ஆறும்போது வேறு நீளத்தில் மறுபடி பூட்டிக்கொண்டால் இழைக்குப் புது இயல்பு நீளம் கிடைக்கிறது. ஹீட் செட்டிங் என்பது இதுதான். வேண்டுமென்று செய்தால் பயன்; ட்ரையரிலோ அயர்ன் பெட்டியிலோ தற்செயலாக நடந்தால் சேதம்.

எந்த நூல் எதற்கு

வெறும் எலாஸ்டேன் பெரும்பாலும் வட்டப் பின்னலுக்கும் வார்ப் நிட்டிங்குக்கும் போகிறது. பருத்தி ஜெர்சிக்கு 20 டெனியர் போதும் (டெனியர் என்பது 9,000 மீட்டர் இழையின் கிராம் எடை; எண் ஏறினால் இழை தடிக்கும்). லெக்கிங்ஸ், ரிப், டெர்ரி போன்றவற்றுக்கு 40. நீச்சலுடைக்கும் உடலை இறுக்கிப் பிடிக்கும் உள்ளாடைக்கும் 40-க்கு மேல்.

நெசவில் வெறும் இழையை விடுவது அரிது. பருத்தியை மேலே போர்த்திய கோர் ஸ்பன் நூல்தான் வழக்கம். மெல்லிய சட்டைத் துணிக்கு 40 டெனியர், பேன்ட்டுக்கும் டெனிமுக்கும் 70, அதைவிடக் கனமான துணிக்கு 105 அல்லது 140. சாக்ஸ், குளோவ்ஸ், குறுகிய பட்டைகளுக்கு நைலான் அல்லது பாலியஸ்டர் சுற்றிய கவர்டு நூல். ஒற்றைச் சுற்றில் முறுக்கு ஒருபக்கமாகத் திருகும்; இரட்டைச் சுற்றில் எதிரெதிர்த் திசையில் சுற்றுவதால் நூல் சமநிலையில் நிற்கும், விலை கூடும். காற்றால் பிணைத்த ஏர் கவர்டு மலிவு, வேகம். ஆனால் முடிச்சுகளுக்கு இடையே எலாஸ்டேன் எட்டிப்பார்க்கும், அடர்நிறத் துணியில் அது மினுமினுக்கும்.

டூயல் கோர் என்று கேள்விப்படுவது எலாஸ்டேனோடு இருகூறு (இரண்டு வகைப் பாலிமர் ஒட்டிச் சுருளும்) பாலியஸ்டர் அல்லது பிபிடி (ஒருவகைப் பாலியஸ்டர்) இழையையும் நடுவில் வைத்துப் பருத்தி போர்த்திய நூல். 40 சதவீதத்துக்கு மேல் நீள வேண்டிய டெனிமுக்கு இதையே பரிந்துரைப்போம். அவ்வளவு நீட்சியை வெறும் எலாஸ்டேன்-பருத்தியில் எடுத்தால் துணி நீளும். திரும்பி வரும் கடைசிச் சில சதவீதத்தில் எலாஸ்டேனின் இழுவிசை குறைந்துபோய், பருத்தி இழைகளின் உராய்வை வெல்ல முடியாமல் நின்றுவிடும். அங்கே சுருள் பாலியஸ்டர் கைகொடுக்கிறது. மிதமான நீட்சி போதும் என்றால் எலாஸ்டேன் இல்லாமல் இருகூறு பாலியஸ்டர் மட்டுமே வைத்தும் நெய்யலாம்; குளோரினையும் வெப்பத்தையும் அது எலாஸ்டேனைவிட நன்றாகத் தாங்கும்.

டிராஃப்ட்டும் சதவீதமும்: ஒரு கணக்கு

எலாஸ்டேனை எத்தனை மடங்கு இழுத்து உள்ளே அனுப்புகிறோமோ அதுவே டிராஃப்ட். கோர் ஸ்பன்னில் 40 டெனியருக்கு 3.0 முதல் 3.5, 70 டெனியருக்கு 3.5 முதல் 4.0 என்பது நடைமுறை. குறைத்தால் நூலுக்கு உயிர் இருக்காது. கூட்டினால் ஸ்பின்னிங்கிலேயே இழை அறுந்து, கோர் இல்லாத நூல் கோனில் ஏறிவிடும்.

16-ஆம் கவுன்ட் நூல் என்று வைத்துக்கொள்வோம் (கவுன்ட் ஏற ஏற நூல் மெலியும்). 5315-ஐக் கவுன்ட்டால் வகுத்தால் டெனியர்: 332. உள்ளே 70 டெனியர், டிராஃப்ட் 3.8. நீட்டிய நிலையில் எலாஸ்டேன் 70 ÷ 3.8 = 18.4 டெனியர். 18.4-ஐ 332-ஆல் வகுத்தால் 5.5 சதவீதம். இது நூலில் உள்ள அளவு. ஊடையில் (குறுக்கு நூலில்) மட்டும் இந்த நூல் இருந்து, துணி எடையில் ஊடை 40 சதவீதம் என்றால் துணியில் எலாஸ்டேன் 2.2 சதவீதம்தான். லேபிளில் 2 சதவீதம் என்று போட்ட டெனிம் ஏமாற்று வேலை என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் கவனியுங்கள். டிராஃப்ட்டைக் கூட்டினால் சதவீதம் குறையும், நூலின் இழுவிசை கூடும். சதவீதமும் மீட்சியும் ஒரே திசையில் நகர்வதில்லை.

வட்டப் பின்னலில்

எலாஸ்டேன் கோன்களைப் பின்னல் கூடத்திலேயே 24 மணி நேரம் வைத்து, கூடத்தின் வெப்பநிலைக்கு வந்தபின் ஏற்றுங்கள். ஒரே மெஷினில் இரண்டு லாட் கலக்கக் கூடாது. லாட்டுக்கு லாட் இழுவிசை கொஞ்சம் மாறும். கண்ணுக்கு அது தெரியாது, சாயம் ஏறியபின் குறுக்குக் கோடாக வந்து நிற்கும். பழைய இருப்பை முதலில் தீர்த்துவிடுங்கள். பெட்டியைத் திறந்துவைத்து வெயிலும் புகையும் படும்படி விடாதீர்கள்.

ஒரு உதாரணம்: 30-ஆம் கவுன்ட் பருத்தியோடு 20 டெனியர் எலாஸ்டேன், எல்லா ஃபீடரிலும் (ஊசிகளுக்கு நூல் ஊட்டும் இடங்களிலும்). 30 அங்குல டயா (விட்டம்), 24 கேஜ் (அங்குலத்துக்கு 24 ஊசி) மெஷினில் சுமார் 2,260 ஊசிகள். லூப் லெங்த் (ஒரு வளையத்துக்குப் போகும் நூல் நீளம்) 2.95 மில்லிமீட்டர் என்றால் ஒரு சுற்றுக்கு ஒரு ஃபீடர் எடுக்கும் பருத்தி நூல் சுமார் 667 சென்டிமீட்டர். அதே சுற்றில் எலாஸ்டேன் ரோலர் 247 சென்டிமீட்டர் விட்டால் விகிதம் 2.7. சதவீதம் வேண்டுமானால்: 30-ஆம் கவுன்ட் 177 டெனியர், எலாஸ்டேன் 20 ÷ 2.7 = 7.4, மொத்தம் 184.4-இல் 7.4 என்பது 4 சதவீதம். ரோலர் எவ்வளவு விடுகிறது என்பதை மெஷின் ஓடும்போது யார்ன் ஸ்பீடு மீட்டரில் அளந்துகொள்ளுங்கள். புல்லியில் எழுதியிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். பெல்ட் தளர்ந்தால் எண் பொய்யாகிவிடும். எல்லா ஃபீடரிலும் டென்ஷன் ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒரே ஒரு ஃபீடர் மாறினாலும் அதன் கோடு துணி முழுக்கச் சுற்றிச் சுற்றி வரும்.

எலாஸ்டேன் இல்லாத ஜெர்சிக்கு வைக்கும் லூப் லெங்த்தை அப்படியே வைத்தால் துணி அட்டைபோல் ஆகும். எலாஸ்டேன் வளையங்களை நெருக்கிவிடுவதால் ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) தானாகவே ஏறுகிறது. 30-ஆம் கவுன்ட் ஜெர்சி எலாஸ்டேன் சேர்ந்ததும் 180 முதல் 200 ஜிஎஸ்எம் வரை போவது சாதாரணம். "150 ஜிஎஸ்எம்மில் லைக்ரா ஜெர்சி வேண்டும், 30-ஆம் கவுன்ட்டில்" என்று ஆர்டர் வந்தால் நூலை மெல்லியதாக்கச் சொல்லுங்கள். ஸ்டென்டரில் இழுத்து அகலப்படுத்தி அந்த ஜிஎஸ்எம்மைக் கொண்டுவந்தால் துவைப்பில் அது திரும்பிப் போகும்.

பிளேட்டிங், அதாவது இரண்டு நூலையும் முன்னும் பின்னுமாக ஒன்றாகப் பின்னுவதுதான் அதிகம் தவறும் இடம். பருத்தி நூல், ஊசிக்கு நூலைக் கொண்டுசெல்லும் கேரியரின் துளை வழியாகவும், எலாஸ்டேன் கேரியரின் மேலே உள்ள சின்ன உருளை வழியாகப் பக்கவாட்டுப் பள்ளத்திலும் போக வேண்டும். ஊசிக் கொக்கிக்குள் எலாஸ்டேன் எப்போதும் பருத்திக்குப் பின்னால் விழ வேண்டும். கேரியர் ஊசியிலிருந்து விலகியிருந்தாலோ, உருளையில் பஞ்சு அடைத்துச் சுழலாமல் நின்றாலோ இரண்டும் இடம் மாறும். முகப்பக்கத்தில் மினுங்கும் புள்ளிகள் வரும். சாயம் எலாஸ்டேனில் சரியாக ஏறாததால் அடர்நிறத்தில் இது வெள்ளைத் தூற்றல்போல் தெரியும். ஷிஃப்ட்டுக்கு ஒருமுறை உருளைகளைக் காற்றடித்துச் சுத்தம் செய்து, ஒவ்வொன்றையும் விரலால் சுழற்றிப் பாருங்கள். இழை அறுந்தால் மெஷின் நிற்கும் ஸ்டாப் மோஷன் ஒவ்வொரு ஃபீடரிலும் வேலை செய்கிறதா என்பதையும் பாருங்கள். எலாஸ்டேன் இல்லாமல் ஓடிய ஒரு வரிசை, கோரா (சாயமேறாத) துணியில் கண்ணில் படாது.

மெஷினிலிருந்து இறங்கிய துணியைக் குழாயாக மடித்து ரோலில் இறுக்கிச் சுற்றி வைப்பது பெரிய தப்பு. மடிப்பு விழுந்த இடத்தில் எலாஸ்டேன் அப்படியே பழகிக்கொள்ளும். பின்னால் எந்த ஸ்டென்டரும் அதை முழுதாக எடுக்காது. முடிந்தால் மெஷினிலேயே கிழித்து விரி அகலமாக எடுங்கள். இல்லையென்றால் அன்றே கிழித்து, தளர்வாக அடுக்கி, 24 மணி நேரம் இளைப்பாற விடுங்கள்.

நெசவில்: இடம் விட்டு நெய்ய வேண்டும்

ஸ்ட்ரெட்ச் நெசவுத் துணியில் பெரும்பாலும் பாவு (நெடுக்கு நூல்) சாதாரண நூல், ஊடை கோர் ஸ்பன். ஊடை தறியில் முழு நீளத்துக்கு நீட்டப்பட்டுப் போகிறது. தறியை விட்டு இறங்கியதும் சுருங்குகிறது. அந்தச் சுருக்கமே பின்னால் நமக்குக் கிடைக்கும் நீட்சி. அதனால் தறியில் பாவை நெருக்கமாக வைத்தால் ஊடை சுருங்க இடமே இருக்காது. நல்ல நூல் வாங்கி நெருக்கமான பிளெய்ன் நெசவில் போட்டு, "நூலில் ஸ்ட்ரெட்ச் இல்லை" என்று நூல்காரரைத் திட்டுவது அடிக்கடி நடக்கிறது. 2/1, 3/1 ட்வில், சாட்டின் போன்ற நெசவுகளில் நூல் தாவிப்போகும் இடங்கள் இருப்பதால் சுருக்கம் தாராளமாக வரும்.

எண்ணில் பார்ப்போம். தறியின் அச்சில் (பாவு இழைகளைப் பிரித்து நிறுத்தும் சீப்பில்) பாவின் அகலம் 185 சென்டிமீட்டர். முடித்த துணியின் அகலம் 150 வேண்டும். முடித்த துணியில் ஒரு சென்டிமீட்டருக்கு 30 பாவு இழைகள் வேண்டுமானால் தறியில் 30 × 150 ÷ 185, அதாவது 24 இழைகள்தான் வைக்க வேண்டும். முழு நீளப் பாவு ஓட்டும் முன் சில மீட்டர் நெய்து கொதிநீர்ச் சோதனை செய்யுங்கள். கோரா துணியில் முழு அகலத் துண்டு ஒன்றை வெட்டி, 30 நிமிடம் கொதிநீரில் இழுவை இல்லாமல் போட்டு, தட்டையாகப் பரப்பிக் காயவைத்து அகலத்தை அளங்கள். 132 சென்டிமீட்டர் வந்தது என்றால், இந்தத் துணியின் முழுக் கொள்ளளவு (185 − 132) ÷ 132, சுமார் 40 சதவீதம். அதை 150-இல் ஹீட் செட் செய்தால் மீதி நிற்கும் நீட்சி (185 − 150) ÷ 150, சுமார் 23 சதவீதம். கொதித்த அகலம் 146 வந்திருந்தால் கட்டுமானம் நெருக்கம் என்று அர்த்தம். நெசவையோ இழை எண்ணிக்கையையோ மாற்றாமல் முன்னே போகாதீர்கள்.

காற்றால் ஊடையை வீசும் ஏர் ஜெட் தறியில் ஊடையின் நுனி மறுகரை சேர்ந்ததும் துள்ளித் திரும்பும். அந்தப் பக்கம் உறிஞ்சிப் பிடிக்கும் நாசில் இல்லாமல் ஓட்டினால் கரையோரம் ஊடை தளர்ந்து வளையமாக நிற்கும். ஊடையைப் பிடித்துக் கொண்டுபோகும் ரேப்பியர் தறியில் பிடி விடும் நேரத்தைச் சற்றுத் தாமதப்படுத்தி, கழிவுக் கரையை அகலமாக வைத்தால் இது அடங்கும்.

கோர் இல்லாத நூல் ஒரு சில ஊடைகளில் கலந்துவிட்டால் தறியில் தெரியாது. ஈரம் பட்டுச் சுற்றியுள்ளதெல்லாம் சுருங்கும்போது அந்த ஊடை மட்டும் சுருங்காமல் நெளிந்து அலைக்கோடாக எழும். துணியைச் சீர்செய்ய வழியில்லை. கோன் வந்ததும் சில கோன்களிலிருந்து ஒரு மீட்டர் நூலை எடுத்து, முறுக்கைப் பிரித்து, எலாஸ்டேன் தொடர்ந்து இருக்கிறதா என்று பார்ப்பதுதான் மலிவான காப்பு.

ஹீட் செட்டிங்

பருத்தி-எலாஸ்டேன் பின்னலுக்கு 190 முதல் 195 டிகிரி செல்சியஸ், 30 முதல் 45 விநாடி. நைலானோடு இருந்தாலும் ஏறக்குறைய இதுவே. நைலான் மஞ்சளாகத் தொடங்கும் முன் நிறுத்த வேண்டும். குறைந்த வெப்பத்தில் செட் ஆகும் எலாஸ்டேன் வகைகளும் உண்டு. அவற்றுக்கு 170 முதல் 180 போதும். இங்கே சொல்வது துணியின் வெப்பம். ஸ்டென்டரின் திரையில் 195 என்று காட்டும்போது, ஈரமும் கனமும் உள்ள துணி முதல் இரண்டு அறையில் 150-ஐக்கூடத் தொட்டிருக்காது. துணியின் மீது ஒட்டும் வெப்பப் பட்டை வைத்து ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் உண்மை தெரியும்.

பின்னல் துணியை விரும்பும் அகலத்தைவிட 5 முதல் 10 சதவீதம் கூடுதலாக ஸ்டென்டரின் பின்களில் (ஓரத்தைப் பிடிக்கும் ஊசிகளில்) மாட்டுங்கள். நீளவாக்கில் 5 முதல் 15 சதவீதம் ஓவர்ஃபீடு கொடுங்கள், அதாவது துணியைத் தளர்வாகக் கூடுதலாக உள்ளே விடுங்கள். வெளியே வரும் துணி நன்றாக ஆறிய பின்பே பின்களிலிருந்து விட வேண்டும். சூட்டோடு விட்டால் புது நீளம் பூட்டிக்கொள்ளும் முன்பே சுருங்கிவிடும்.

செட் போதவில்லை என்றால் துணியின் ஓரம் சுருட்டும், துவைப்பில் சுருக்கம் 8, 10 சதவீதம் வரை வரும், ஜிஎஸ்எம் ஏறும். மிஞ்சினால் துணி பார்வைக்கு அருமையாக இருக்கும்: தட்டையாக, ஓரம் சுருட்டாமல், சுருக்கமே இல்லாமல். கட்டிங் ஆட்களுக்குப் பிடித்த துணி அது. மீட்சி போயிருக்கும். சுருக்கத்தை மட்டும் பார்த்து ஓகே சொல்லும் இடங்களில்தான் தொய்யும் துணி அதிகம் வெளியே போகிறது.

எலாஸ்டேனின் மேல் சிலிக்கோன் எண்ணெய் பூசியே கோனில் வருகிறது. பின்னல் ஊசி எண்ணெயும் சேரும். கோராவாக நேரே செட் செய்தால் எண்ணெய் வெந்து துணியில் ஒட்டி, சாயத்தில் திட்டாகும். நேரமும் செலவும் ஆனாலும் அடர்நிறத்துக்கு முதலில் எண்ணெய் போகக் கழுவிவிட்டுச் செட் செய்வது நல்லது.

சாயப்பட்டறையில் இரண்டு விஷயம். வெளுப்புக்கு ஹைப்போகுளோரைட் வேண்டாம்; குளோரின் எலாஸ்டேனின் பிணைப்புகளை அறுத்துவிடும். பெராக்சைடு போதும். பாலியஸ்டர்-எலாஸ்டேனை 130 டிகிரியில் நெடுநேரம் சமைக்காதீர்கள். 120 முதல் 125-இல் ஏறும் சாயங்களாகத் தேர்ந்தெடுங்கள்.

மீட்சியை அளப்பது

பின்னலுக்கு ஏஎஸ்டிஎம் டி2594, நெசவுக்கு ஏஎஸ்டிஎம் டி3107, இரண்டுக்கும் ஐஎஸ்ஓ 20932 என்று தரச்சோதனைகள் உண்டு. வாங்குபவர் எதைக் கேட்கிறாரோ அதன்படி ஆய்வகத்தில் செய்யட்டும். தினசரிக் கண்காணிப்புக்கு ஒரு கிளிப், ஒரு எடை, ஒரு ஸ்கேல் போதும்.

நீளும் திசையில் 50 சென்டிமீட்டர் நீளமும் 5 சென்டிமீட்டர் அகலமும் உள்ள பட்டையை வெட்டுங்கள். நடுவில் 25 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு கோடு. மேலே கிளிப்பில் மாட்டி, கீழே எடை தொங்கவிடுங்கள். நெசவுத் துணிக்கு 1.8 கிலோ. மூன்று முறை தொங்கவிட்டு எடுத்து, நாலாவது முறை நீண்ட அளவைக் குறியுங்கள். அப்படியே 30 நிமிடம் விடுங்கள். எடையை எடுத்து, பட்டையை மேஜையில் தட்டையாக வைத்து, 30 நிமிடம் கழித்து மறுபடி அளங்கள்.

25.0 சென்டிமீட்டர் நீண்டு 32.5 ஆகி, இளைப்பாறியபின் 25.8-இல் நின்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீட்சி 7.5 ÷ 25, அதாவது 30 சதவீதம். வளர்ச்சி, அதாவது திரும்பி வராமல் தங்கியது, 0.8 ÷ 25 = 3.2 சதவீதம். மீட்சி 6.7 ÷ 7.5 = 89 சதவீதம். பேன்ட்டுக்கு வளர்ச்சி 3 சதவீதத்துக்குள் இருந்தால் நல்ல துணி. 5-ஐத் தாண்டினால் முட்டியில் பை நிச்சயம். இந்த உதாரணத் துணி எல்லைக்கோட்டில் நிற்கிறது. நாங்களாக இருந்தால் ஸ்டென்டர் வெப்பத்தை 5 டிகிரி குறைத்து ஒரு துண்டு ஓட்டிப் பார்ப்போம்.

எவ்வளவு நீட்சி வேண்டும் என்பதற்கு உடம்புதான் அளவுகோல். முட்டியை மடக்கும்போது தோல் நீளவாக்கில் 35 முதல் 45 சதவீதம் நீளுகிறது. முழங்கையில் 35 முதல் 40. உட்காரும்போது பின்புறம் 25 முதல் 30. முதுகின் குறுக்கே 13 முதல் 16. தளர்வான ஆடை வழுக்கிப்போய் இதில் பாதியைச் சமாளித்துவிடும். உடம்பை ஒட்டிய ஆடைக்கு வழுக்க இடமில்லை.

சோதனையைத் துவைக்காத துணியில் மட்டும் செய்து நிறுத்தாதீர்கள். மூன்று துவைப்புக்குப் பிறகு அதே பட்டை அதே எண்ணைத் தர வேண்டும்.

வெட்டும் தையலும்

ரோலில் சுற்றும்போதே துணி இழுபட்டிருக்கும். பிரித்துத் தளர்வாக அடுக்கி 24 மணி நேரம் விட்டபின் லே (வெட்டுவதற்கான துணி அடுக்கு) போடுங்கள். லே உயரம் குறைவாக இருக்கட்டும். அடியில் உள்ள அடுக்கு நசுங்கிப் பரவினால் மேலும் கீழும் அளவு மாறும். லே போட்ட பிறகும் ஓரிரு மணி நேரம் கழித்து வெட்டுவது உத்தமம். அவசரத்தில் இதைத் தவிர்த்தால் வெட்டிய துண்டு மேஜையிலேயே ஒரு சென்டிமீட்டர் சுருங்குவதைப் பார்க்கலாம்.

ஊசி பால் பாயின்ட், 65 அல்லது 75 எண். கூர்முனை ஊசி எலாஸ்டேனைக் குத்தி அறுக்கும். அறுந்த நுனி உள்ளே ஓடிவிடும், தையல் ஓரத்தில் துணி உயிரற்றுத் தளரும். தையலைக் குறுக்கே இழுத்துப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளையாக நுனிகள் துருத்தினால் ஊசியை மாற்றுங்கள். இணைப்புகளுக்கு நான்கு நூல் ஓவர்லாக், மடிப்புகளுக்கு ஃப்ளாட்லாக். லூப்பரில் (அடியில் வளையம் போடும் கொக்கியில்) டெக்ஸ்சர்டு பாலியஸ்டர் அல்லது நைலான் நூல் போட்டால் தையலும் துணியோடு நீளும். சாதாரண லாக்ஸ்டிச்சில் தைத்த தையல் துணி நீளும்போது பட்டென்று அறும். தவிர்க்க முடியாத இடத்தில் அங்குலத்துக்கு 12 முதல் 14 தையல் வைத்து, பாபின் டென்ஷனைத் தளர்த்துங்கள். ஓவர்லாக்கில் ஓரம் அலையடித்தால் டிஃபரென்ஷியல் ஃபீடை (முன், பின் பற்கள் துணியை நகர்த்தும் விகிதத்தை) 1.3-லிருந்து 1.5 வரை கூட்டுங்கள். தோள் தையல் நீளாமல் இருக்க மெல்லிய டேப் சேர்க்கலாம்.

கோர் ஸ்பன் நெசவுத் துணியில் தனியான ஒரு தொல்லை: துவைத்தபின் தையலோரத்தில் எலாஸ்டேன் நழுவிப் பின்வாங்குகிறது. பக்கத் தையலை ஒட்டி இரண்டு மூன்று சென்டிமீட்டர் துணி சுருக்கமில்லாமல் தளர்ந்து கிடக்கும். வெட்டிய முனையில் எலாஸ்டேனைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லாததே காரணம். டிராஃப்ட் அதிகமாகவோ நூல் முறுக்கு குறைவாகவோ செட் போதாமலோ இருந்தால் வரும். தையல் இருப்பை அகலமாக விட்டு, ஓவர்லாக்கோடு ஒரு செயின் ஸ்டிச்சும் போட்டால் குறையும். முழுத் தீர்வு நூலில்தான்.

இடுப்புப் பட்டை எலாஸ்டிக்கைத் தேர்ந்தெடுக்கும்போது: நெய்த எலாஸ்டிக் உருளாது, மேலே தையல் போடலாம். பின்னிய எலாஸ்டிக் மென்மை, ஊசி துளையைத் தாங்கும். சடை எலாஸ்டிக் இழுத்தால் குறுகும், மேலே தைத்தால் கெடும். குழாய்க்குள் விடுவதற்கு மட்டும். நீளம் இடுப்பளவில் 85 முதல் 90 சதவீதம். ஆனால் தைத்தபின் எந்த எலாஸ்டிக்கும் கொஞ்சம் நீண்டு நிற்கும், 5 சதவீதம் வரைகூட. அதனால் ஒரு மாதிரித் துண்டில் தைத்து, மேலாக நீராவி காட்டி ஆறவிட்டு, அளந்தபின் வெட்டு நீளத்தை முடிவு செய்யுங்கள். நீராவி காட்டும்போது இரும்பை எலாஸ்டிக்கின் மேல் அழுத்தாதீர்கள்.

உடுத்திய பிறகு

துவைக்க 30 முதல் 40 டிகிரி நீர், குளோரின் வெளுப்பான் கூடாது, ட்ரையர் என்றால் குறைந்த சூடு. ஈரமான கனத்த பின்னலைத் தோளில் தொங்கவிடாமல் பரப்பிக் காயப்போடுங்கள். நீச்சலுடையைக் குளத்திலிருந்து வந்ததும் நல்ல நீரில் அலசுங்கள். குளோரினும் வியர்வையும் சன்ஸ்கிரீன் எண்ணெயும் உள்ளேயே காய்வதுதான் அதை அழிக்கிறது.

ஒரு நாள் உடுத்தியதும் தொங்கிய முட்டி துவைத்தால் சரியாகிறது என்றால் எலாஸ்டேன் நலமாக இருக்கிறது. பருத்தி இழைகள் மடிந்த இடத்தில் ஒன்றோடொன்று சிக்கி நின்றிருக்கும். நீரும் அசைவும் அந்தப் பிடியைத் தளர்த்த, எலாஸ்டேன் இழுத்துக்கொள்கிறது. துவைத்தும் திரும்பவில்லை என்றால் தொங்கிய இடத்திலிருந்து ஊடை நூல் ஒன்றை உருவி, முறுக்கைப் பிரித்து, ஊசி முனையால் எலாஸ்டேனைத் தனியே எடுத்துப் பாருங்கள். துண்டு துண்டாக நொறுங்கி வந்தால் குளோரின் வேலை, அல்லது ஜீன்ஸை மங்கவைக்கும் வாஷிங்கில் கல் உரசியது. முழுசாக வந்து, இழுத்துவிட்டால் மெதுவாக மனமில்லாமல் சுருங்கினால் வெப்பம் மிஞ்சியிருக்கிறது: ஸ்டென்டரிலோ, சுருக்கக்கோடு போட ரெசின் அடித்து அடுப்பில் வேகவைத்தபோதோ. சுறுசுறுப்பாகச் சுருண்டால் இழையில் குற்றமில்லை. நெசவில் இடம் போதவில்லை, அல்லது அந்த நீட்சிக்கு டெனியர் போதவில்லை. அப்போது அடுத்த லாட்டுக்கு மாற்ற வேண்டியது தறியின் கணக்கை.